வால்விலைதான் பிழை

இதிலை ஆரும் இருக்கினமோ தம்பி? இல்லையோ? அப்ப நான் இருக்கிறன். என்ர பையை மடியிலையே வைச்சிருக்கிறன், கீழை வைச்சால் சப்பாத்துத் தண்ணி எல்லாம் ஊறிடும். நீங்கள் போனிலை கதைச்சது காதிலை விழுந்தது. தமிழ் எண்டு தெரிஞ்சுதான் பஸ்ஸின்ர முன்னுக்கு இருந்த சீற்றை விட்டிட்டு எழும்பி வந்தனான். இந்தியாப் பக்கமோ? பரவாயில்லை. என்ர தமிழ் ரெண்டு ஸ்ரொப் போகப் பழகிடும்.

ஒண்டு காட்டட்டே? பயப்பிடாதேங்கோ. பித்தளையும் செம்பும்தான், வேறை ஒண்டுமில்லை. இதை நெடுக்காய் அறுத்தது நான்தான், கைவாளாலை. ஒரு முழுப் பின்னேரம் எடுத்தது. இப்ப உள்ளுக்கை பாருங்கோ. இந்த வெள்ளைத் துண்டு தெரியுதோ, தேய்ஞ்ச சவர்க்காரம் மாதிரி? இந்த ஓரம் உடைஞ்சு கிடக்குது. நகத்தாலை தடவிப் பாருங்கோ. தட்டுப்படுதோ? தட்டுப்படுதுதானே? அவ்வளவுதான். வால்விலைதான் பிழை. கொம்பிரசரிலை இல்லை.

நீங்கள் கம்பியூட்டர் வேலையோ? அப்ப சொன்னால் விளங்கும். இஞ்சை கனடாவிலை இப்ப நிறைய வீட்டிலை காஸ் அடுப்புச் சூடு இல்லை, ஹீற் பம்ப்தான். வெளியிலை ஒரு பெட்டி நிக்கும், கண்டிருப்பியள். கோடைக்கு வீட்டுச் சூட்டை எடுத்து வெளியிலை கொண்டுபோய்க் கொட்டும். மாரிக்கு வெளியிலை இருக்கிற சூட்டை எடுத்து வீட்டுக்கை கொண்டுவரும். மைனஸ் பத்திலை என்ன சூடு எண்டு கேப்பினம். இருக்குது தம்பி. அதுக்கையும் இருக்குது. வாயுவை அமத்தித் தள்ளுறது கொம்பிரசர், அது போற திசையை மாத்திறது இந்த வால்வ். இந்த வெள்ளைத் துண்டு இந்தப் பக்கம் வழுக்கினால் வீடு சூடு, அந்தப் பக்கம் வழுக்கினால் வீடு குளிர். நடுவிலை சிக்கினால்? சூடான வாயு வீட்டுக்குப் போகாமல், வந்த வழியே கொம்பிரசருக்குத் திரும்பிப் போடும். அழுத்தம் பாக்கிற கேஜ் போட்டுப் பாத்தால் கொம்பிரசர் செத்தமாதிரியே காட்டும். அச்சொட்டாய் அப்பிடியே காட்டும். அதிலைதான் எல்லாரும் விழுகிறது.

நான் விழமாட்டன். இருபத்திரண்டு வருசம். வால்வுக்கு நாலு செம்புப் பைப். நடுப்பைப்பிலை வால்வுக்கு முன்னாலை ஒரு கை, பின்னாலை ஒரு கை. ரெண்டும் ஒரே குளிரெண்டால் வால்வ் சுகம். பின்னாலை பிடிச்ச கை சுட்டால் உள்ளுக்கை ஒழுகுது. கேஜும் வேண்டாம், போனிலை பாக்கிற அப்பும் வேண்டாம்.

என்ர பேர் சபாநடேசன். நடேசண்ணை எண்டால் ஸ்காபுறோவிலை அந்தக் காலத்திலை எல்லாருக்கும் தெரியும். ஒரு கொம்பனியிலை பதினாறு வருசம் வேலை செய்தனான். பேர் வேண்டாம். பேந்து புதுசா ஒரு மனேச்சர் வந்தான். ஒரு வீட்டிலை முக்கால் மணித்தியாலத்துக்கு மேலை நிக்கக்கூடாதாம். நான் நாலு மணித்தியாலம் நிண்டு பிழையைக் கண்டுபிடிச்சிட்டுத்தான் வெளிக்கிடுவன். அதைக் குற்றமெண்டு சொல்லி நிப்பாட்டிப் போட்டினம். அதுக்குப் பிறகு தனிய ஒரு வான் வண்டியோடை என்ர பாட்டிலை செய்துகொண்டிருந்தன்.

முந்தின வருசக் குளிருக்கை, தை மாதம் பிறந்து ஒரு கிழமை இருக்கும், தவமலர் எண்டு ஒருத்தி போன் எடுத்தா. ஏஜக்ஸிலை வீடு. ஐம்பத்தெட்டு வயசு. பேக்கரி ஒண்டிலை பாண் அடுக்கிற வேலை செய்தவ, புருசனுக்குப் பாரிசவாதம் வந்தாப் பிறகு விட்டிட்டா. கனகலிங்கம் எண்டு அவர். வலப்பக்கம் முழுக்க இழுத்துப் போட்டுது, கதைக்கவும் ஏலாது. முன் ஹோலிலை கட்டில் போட்டுப் படுத்தியிருந்தவ. ஒரே ஒரு மகள், சிந்துஜா. அவள் கல்கரியிலை.

"அண்ணை, வீடு சூடாகுதில்லை, கொம்பனிப் பெடியன் வந்து பாத்திட்டு வெளிப்பெட்டி முழுக்க மாத்த வேணும், மூண்டு கிழமை செல்லும் எண்டிட்டான்" எண்டா. எந்தக் கொம்பனி எண்டு கேட்டன். என்ர பழைய கொம்பனி. எந்தப் பெடியன் எண்டு கேட்டன். பிரணவன்.

பிரணவனை எனக்குத் தெரியும். என்னோடைதான் ஒரு வருசம் நிண்டவன். நல்ல பெடியன்தான், பிழை சொல்லேல்லை, ஆனால் தொட்டு அறியிற கை இல்லை. கேஜிலை என்ன இலக்கம் வருதோ அதை நம்புவான். உடனை வெளிக்கிட்டன். அண்டைக்கு வேறை ரெண்டு இடம் இருந்தது, ரெண்டையும் விட்டிட்டுப் போனனான். அதையும் நீங்கள் நினைவிலை வைச்சிருக்க வேணும் தம்பி. நான் போகாத ஆள் இல்லை.

போனால் ஹோலிலை ரெண்டு எண்ணெய் ஹீற்றர் எரியுது. அவன் தன்ர வானிலையிருந்து இறக்கி வைச்சிட்டுப் போயிருக்கிறான். கனகலிங்கத்தாரின்ர கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒண்டு, இந்தப் பக்கம் ஒண்டு. நான் முதல் செய்த வேலை ரெண்டையும் நிப்பாட்டினது. ஏனெண்டால் வேறை சூடு இருக்கேக்கை பம்ப் என்ன செய்யுதெண்டு எப்பிடிப் பிடிக்கிறது? பேந்து வெளியிலை போய்ப் பெட்டியைக் கழட்டினன். மூண்டரை மணித்தியாலம். விரல் விறைச்சுப் போச்சு. அவ ரெண்டுதரம் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தவ. நடுப்பைப்பிலை முன்னாலை பிடிச்சன், ஐஸ். பின்னாலை பிடிச்சன், சுட்டுது.

எனக்கு வந்த சந்தோசம் சொல்லி ஏலாது. ஸ்குரூடிரைவரின்ர பிடியாலை வால்விலை இப்பிடி, மெல்ல, ரெண்டு தட்டு. டக்கெண்டு ஒரு சத்தம். உஸ் எண்டு வாயு திரும்பிற சத்தம். உள்ளுக்கையிருந்து அவ கத்துறா, "அண்ணை! சூடு வருது! சூடு வருது!" எண்டு. கனகலிங்கத்தாரின்ர கையைக் கொண்டுபோய் அந்தச் சூட்டுக் காத்திலை பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. அந்த மனிசன் என்னைப் பாத்தார். கதை இல்லாட்டியும் கண் இருக்குத்தானே. அந்தப் பார்வைக்காகத்தான் தம்பி இந்த வேலை.

ஹீற்றர் ரெண்டையும் வானிலை ஏத்திக்கொண்டு நேரை கொம்பனிக்குப் போய்க் கவுண்டரிலை வைச்சன். "இந்தா பிரணவன், உன்ர ஹீற்றர். அவைக்குத் தேவையில்லை. கொம்பிரசர் சுகம். வால்வ்."

அவன் என்ன சொன்னவன் தெரியுமோ? "அண்ணை, வால்வோ கொம்பிரசரோ, பாட்ஸ் சாமான் வருமட்டும் அவைக்குச் சூடு வேணும். ஹீற்றரைத் திருப்பிக் கொண்டுபோய்க் குடுங்கோ" எண்டான். இது ஒரு மெக்கானிக் கதைக்கிற கதையே? வருத்தம் என்னெண்டு தெரியாத டொக்டர், போர்வை குடுத்தமாதிரி.

பிரச்சினை எங்கை வந்ததெண்டால், அந்தப் பெட்டிக்கு வாறண்டி கொம்பனியிட்டை. அவை தங்கட பேப்பரிலை கொம்பிரசர் எண்டு எழுதிப்போட்டினம், அப்ப வால்வ் எடுத்துத் தரமாட்டினம். நான் வெளியிலை தேடினன், அந்த மொடல் வால்வ் ஒரு இடமும் இல்லை. ஆகவே அவையை ஒத்துக்கொள்ளப் பண்ண வேணும். நான் எழுதினன். படம் எடுத்து அனுப்பினன். ஒவ்வொரு பைப்பின்ர சூட்டையும் அளந்து அனுப்பினன். பதில் இல்லை.

மூண்டாம் நாள் திருப்பிச் சிக்கிப் போட்டுது. இந்தப் பம்ப் வெளியிலை ஐஸ் பிடிச்சால் அதைக் கரைக்கிறதுக்குத் தானே கொஞ்ச நேரம் திசை மாறும். மாறினது திரும்பி வரேல்லை. அப்ப என்ன நடக்கும்? வீட்டுச் சூட்டை எடுத்து வெளியிலை கொட்டத் தொடங்கும். மாரிக்கை வீட்டுக்கு ஏசி போட்டமாதிரி. அண்டைக்கும் போனனான். அவவைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போய், பெட்டி மூடியைப் பூட்டாமல் லேசாய்ச் சாத்தி விட்டு, வால்விலை அடையாளத்துக்குச் சிவப்பு ஒட்டு ரேப் சுத்தி, கூட்டுற தும்புத்தடி ஒண்டின்ர பிடியைக் குட்டையாய் வெட்டிக் குடுத்துச் சொன்னன்: "தங்கச்சி, குளிர் காத்து வந்தால் இதிலை ரெண்டு தட்டு. பலமாய் வேண்டாம்." அவ பயந்தவதான். பேந்து தானே தட்டினா. டக். "அட, கேக்குது அண்ணை!" எண்டு சிரிச்சா. நல்ல கை. நான் சொல்லுறன், அவ ஆம்பிளையாய்ப் பிறந்திருந்தால் நல்ல மெக்கானிக்காய் வந்திருப்பா.

அதுக்குப் பிறகு அவ எடுக்கிறதும் நான் போனிலை சொல்லுறதும். ஐஞ்சுதரம். ஐஞ்சுதரமும் வேலை செய்தது. அதைத்தான் நான் பேந்து நடந்த விசாரணையிலையும் சொன்னனான். ஐஞ்சுக்கு ஐஞ்சு. என்ர மனிசிதான் ஒருநாள் சொன்னவ, "அந்த மனிசி ஐஸுக்கை போய் நிண்டு தட்டுறதோ? நீங்கள் போனிலை மருந்து எழுதிற டொக்டரோ? ஒருக்காய்ப் போய்ப் பாத்தால் என்ன?" எண்டு. உனக்கு உது விளங்காது எண்டு சொன்னன். போய்ப் பாக்கிறதிலை என்ன இருக்குது? பிழை என்னெண்டு தெரிஞ்சு போச்சு. திருப்பிப் போய் என்னத்தைக் கண்டுபிடிக்கிறது? தூரமில்லை, என்ர வீட்டிலையிருந்து இருபத்தைஞ்சு நிமிசம். தூரமெண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை. முதல்நாள் மழை பெய்து, விழுந்த இடத்திலையே கட்டியாய்ப் போச்சு. அண்டைக்கு வெளிச்சமான நாள், நல்ல வெய்யில், ஆனால் மைனஸ் பதினெட்டு. நான் கொம்பனியிலை நிண்டன். அந்த மனேச்சர் கடைசியிலை என்னைக் கூப்பிட்டிருந்தான். பிரணவனும் நிக்கிறான். என்ர அளவுகளை மேசையிலை விரிச்சு ஒவ்வொண்டாய்ச் சொல்லிக்கொண்டு வாறன். ரெண்டு பத்துக்குப் போன் அடிச்சது. தவமலர்.

"அண்ணை, குளிர் காத்து வருது. காலமையிலையிருந்து. வீடு பதினொரு டிகிரியிலை நிக்குது."

"தட்டினியளோ?"

"படியிலை ஐஸ் அண்ணை. கால் வைக்க ஏலாமல் கிடக்கு."

"ஐஸ் கரைய உப்பைக் கொட்டிப்போட்டுப் போங்கோ."

பேந்து கேட்டா, "இண்டைக்கு ஒருக்கா வரமாட்டியளோ அண்ணை?"

நான் சொன்னன், "தங்கச்சி, உங்கட விசயமாய்த்தான் இப்ப நிக்கிறன். இப்ப விட்டிட்டு வந்தன் எண்டால் இவங்கள் திருப்பிக் கதவைச் சாத்திப் போடுவாங்கள்." பொய்யோ? பொய்யில்லையே. அவவின்ர விசயமாய்த்தானே நிண்டனான்.

"சரி அண்ணை" எண்டா.

பிரணவன் கேட்டான், "ஆர் அண்ணை, அவவோ? நான் ஒருக்காப் போட்டு வரட்டே?" எண்டு. வேண்டாமெண்டன். அவன் போனால் திருப்பி ஹீற்றரை வைச்சிட்டு, கொம்பிரசர் எண்டு எழுதிக்கொண்டு வருவான். இருடா, இதை முடிச்சுப்போட்டுப் போ எண்டு சொன்னன். அவன் இருந்தான்.

மூண்டேகாலுக்கு அந்த மனேச்சர் கண்ணாடியைக் கழட்டி வைச்சிட்டுச் சொன்னான், "நீ சொல்லுறது சரி. வால்வ்தான்." ஓடர் போடுறன் எண்டான். பிரணவன் எழும்பி வந்து என்ர கையைப் பிடிச்சுக் குலுக்கினவன். இருபத்திரண்டு வருசத்திலை ஒருத்தனும் என்னைப் பாத்து அப்பிடிச் சொன்னதில்லை தம்பி. நீ சொல்லுறது சரி எண்டு. வீட்டை வந்து மனிசியிட்டைச் சொன்னன். புட்டு அவிச்சுத் தந்தா. சாப்பிட்டிட்டு நிம்மதியாய்ப் படுத்தன். தவமலர் திருப்பி எடுக்கேல்லை. எடுக்கேல்லை எண்டால் என்ன அர்த்தம்? தட்டினது வேலை செய்திருக்குது எண்டுதானே அர்த்தம். நீங்களெண்டாலும் அப்பிடித்தானே நினைப்பியள்?

புதன் காலமை, கனகலிங்கத்தாரைக் கழுவித் துடைக்கிறதுக்கு வாற நேர்ஸ் பிள்ளை வந்து கதவைத் தட்டித் திறக்காமல், பின்பக்கம் சுத்திப் போயிருக்கிறாள். தவமலர் படியடியிலை கிடந்திருக்கிறா. வீட்டுச் செருப்பு. கையிலை உப்புத் தகரப்பேணி. தலை அடிபட்டிருக்குது. உயிர் உடனை போகேல்லையாம், கொஞ்ச நேரம் இருந்திருக்கிறா எண்டு டொக்டர் சொன்னவர். எவ்வளவு நேரம் எண்டு சொல்லேல்லை. நான் கேக்கவும் இல்லை.

வீட்டுக்கை நாலு டிகிரி. பம்ப் ஓடிக்கொண்டே இருந்திருக்குது. பின்னேரம் முழுக்க, இரவு முழுக்க, வீட்டுச் சூட்டை எடுத்து வெளியிலை கொட்டிக்கொண்டு. கனகலிங்கத்தார் கட்டிலிலை. அந்த மனிசனுக்கு உயிர் இருந்தது. கூப்பிட ஏலாது, எழும்ப ஏலாது, அவ வெளியிலை போனதைப் பாத்துக்கொண்டு கிடந்தவர். போர்வையை ஒரு கையாலை கழுத்துமட்டும் இழுத்திருந்தவராம்.

பேந்து பொலிஸ் வந்தது, விசாரணை எண்டினம், அதிகாரிகள் எண்டினம். எல்லாரும் ஒரே கேள்வி. "அவ கூப்பிட்ட நேரம் நீ ஏன் போகேல்லை?" நான் பைப்பின்ர சூட்டு அளவெல்லாம் காட்டினன். ஒரு பொம்பிளை அதிகாரி எழுதிக்கொண்டிருந்தவ, பேனையை வைச்சிட்டுச் சொன்னா, "ஐயா, வால்வ் எண்டு நாங்கள் ஒத்துக்கொள்ளுறம். ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லேல்லை." அப்ப பிறகென்ன? ஒத்துக்கொண்டால் பிறகேன் என்ர லைசென்சைப் பிடிச்சு வைச்சிருக்கினம்? அதுதான் எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை.

பெட்டியைக் கழட்டி எறியேக்கை பிரணவன்தான் இந்த வால்வை வெட்டி எடுத்துக்கொண்டு வந்து தந்தவன். கேட்டனான், தந்தவன். இப்ப அவன் அந்த வேலையிலை இல்லையாம். ட்றக் ஓடுறானாம். கை இல்லாதவன், அது நல்லதுதான்.

செத்தவீட்டுக்கும் இதைக் கொண்டுபோனனான். ஏனெண்டால் மகள் பிள்ளைக்குத் தெரிய வேணும், தாயின்ர சாவுக்கு என்ன காரணமெண்டு. சனம் எல்லாம் சவப்பெட்டியடியிலை நிக்குது. சிந்துஜாவை ஒரு பக்கம் கூப்பிட்டு, இதைத் திறந்து, இந்த உடைஞ்ச ஓரத்தைக் காட்டி, எல்லாம் சொன்னன். அவள் நல்ல பிள்ளை, முழுக்கக் கேட்டவள். பேந்து கேட்டாள், "அங்கிள், வீட்டிலை ரெண்டு ஹீற்றர் இருந்ததெண்டு அம்மா சொன்னவ. அது எங்கை?"

"அது இருந்தால் வால்வ் வேலை செய்யுதோ இல்லையோ எண்டு தெரியாது பிள்ளை" எண்டன்.

அவள் என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டாள். ஆரோ வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போட்டினம். துக்கத்திலை இருக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் ஏறாது. ஆறுதலாய் ஒருநாள் சொல்ல வேணும். போன் நம்பர் மாத்திப்போட்டாள்.

மனிசி இப்ப தமக்கையோடை மிசிசாகாவிலை. குளிர் முடிய வாறன் எண்டு போனவ. இது ரெண்டாவது குளிர். வான் வித்தாச்சு, அதுதான் பஸ்.

நீங்கள் எவடத்திலை இறங்கிறியள்? இன்னும் நாலு ஸ்ரொப்போ? நானும் அதிலைதான். அந்த ஸ்ரொப்புக்கு எதிரிலை ஒரு மண்ணிறக் கட்டிடம் இருக்குது, கண்டிருப்பியள். ஏலாத ஆக்களைப் பாக்கிற இடம். கனகலிங்கத்தார் அங்கைதான். ரெண்டாம் மாடி, ரோட்டுப் பக்கம். முதல் மூண்டு நாலுதரம் உள்ளை போனனான். அவருக்கு எல்லாம் விளங்கப்படுத்தினன், வால்வையும் காட்டினன். கேட்டுக்கொண்டுதான் கிடந்தவர். ஒருநாள் அந்த ஒரு கையாலை போர்வையை இழுத்து முகத்தை மூடிப்போட்டார். நான் குளிருதாக்கும் எண்டு நினைச்சு நேர்ஸைக் கூப்பிட்டன். அதுக்குப் பிறகு அவை என்னை விடுகினமில்லை. மகள் எழுதிக் குடுத்திட்டாளாம், இந்தப் பேரிலை ஆக்களை விடவேண்டாமெண்டு. ஒவ்வொரு வியாழனும் வாறன், முன்னுக்கு பஸ் ஷெல்ற்றரிலை கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போறன்.

தம்பி, ஒரு உதவி கேக்கட்டே? உங்களை அவைக்குத் தெரியாது. உள்ளை போய், கனகலிங்கத்தாரைப் பாக்க வந்தனான், சொந்தக்காரன் எண்டு சொன்னால் விடுவினம். கதைக்கத் தேவையில்லை. யன்னலடியிலை கீழை சூட்டுக் காத்து வாற கம்பி வலை இருக்கும். அதிலை கையை வைச்சுப் பாருங்கோ. ஒரு நிமிசம். சூடாய் வருதோ இல்லையோ எண்டு மட்டும் வந்து சொல்லுங்கோ. நான் அனுப்பினது எண்டு சொல்லவேண்டாம். வெளியிலையிருந்து பாத்தால் அந்த யன்னலிலை ஐஸ் பிடிச்சமாதிரித் தெரியுது. சில நாள் இருக்குது, சில நாள் இல்லை. உள்ளை போகாமல் எனக்கு எப்பிடித் தெரியும்?

பத்து நிமிசம் கூடச் செல்லாது.

வேலைக்கு நேரமாகுதோ? ஓம், ஓம், விளங்குது. பரவாயில்லை. போன கிழமையும் ஒரு பிள்ளையைக் கேட்டனான், அவவுக்கும் நேரமில்லை. நீங்கள் முன்கதவாலை இறங்குங்கோ தம்பி, பின்பக்கப் படியிலை ஐஸ் கிடக்குது. நான் மெல்லமாய் வாறன்.